நாள் முன்னாலயா, மாசம் முன்னாலயா

அது புள்ளிவிவரம் அலசற ஆர் மொழி ப்ரோகிராம்தானே மேடம், நீங்க தட்டிக்கிட்டிருக்கறது? மன்னிச்சுக்கங்க, எட்டிப் பாக்கணும்னு பாக்கல. பக்கத்துல உக்காந்தவனுக்குக் கண்ணு தானாப் போயிடுது. என் பாதி ஆயுசு அதுலயேதான் போச்சு. பேரு வைத்திலிங்கம். புள்ளியியல்ல டாக்டர் பட்டம். திருச்சியில ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியோட ஆராய்ச்சிப் பிரிவுல இருந்தேன். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். இப்ப நான் அங்க இல்ல.

அந்த மூணாவது வரியில எழுத்தைத் தேதியா மாத்தறதுக்கு ஆஸ்டேட் கட்டளை போட்டிருக்கீங்க பாருங்க. அதைப் பாத்ததும்தான் வாயைத் தொறந்துட்டேன். அந்த ஒரு கட்டளை என்னை எங்க கொண்டாந்து விட்டிருக்கு தெரியுமா மேடம்? சொல்றேன். ரயில் கிராசிங்குக்கு நிக்குது, இப்போதைக்கு நகராது.

நீங்க எந்த காலேஜ்ல படிக்கறீங்க, ஆராய்ச்சியா? ஓ... பாடமே நீங்கதான் எடுக்கறீங்களா. சரி சரி. அப்ப சுலபமாப் புரியும். இருந்தாலும் அடியிலேருந்து சொல்லிடறேன், ஏன்னா ரொம்பப் பேரு சறுக்கற எடம் இது.

ஒருத்தர் நவம்பர் மாசம் ஏழாம் தேதி காய்ச்சல்னு வர்றார்னு வைங்க. நம்ம ஆளுங்க எப்படி எழுதுவாங்க? முதல்ல ஏழு, அப்பறம் ஒரு சாய்கோடு, அப்பறம் பதினொண்ணு, அப்பறம் வருஷம். அமெரிக்காக்காரன் மாசத்தை முன்னால போடுவான். அவன் கண்ணுக்கு அதே எழுத்து ஜூலை பதினொண்ணு. கம்ப்யூட்டருக்கு ஏழுன்னா என்ன, பதினொண்ணுன்னா என்ன? நாம எந்த வரிசை சொல்றோமோ அந்த வரிசையில படிச்சுட்டுப் போகும். தெரியும்கறீங்களா? எல்லாரும் தெரியும்னுதான் மேடம் சொல்றாங்க.

எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி இருந்துச்சு. பஸ் மாதிரி பெருசு, உள்ளயே ரத்தம் எடுத்து அங்கயே சோதனை பண்ணிச் சொல்லிடலாம். மழைக்காலம் வந்தா அந்த வண்டியை டெல்டா பக்கம் அனுப்பிடுவாங்க. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை அந்தப் பக்கமெல்லாம் ஊருக்கு ஊர் போய் முக்குல நிக்கும். எலிக்காய்ச்சலுக்காக. வயல் தண்ணியில எலி மூத்திரம் கலந்து, அந்தத் தண்ணியில நிக்கறவங்க காலு வெடிப்பு வழியா உள்ள போற காய்ச்சல். சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண மாத்திரையிலயே போயிடும். விட்டுட்டா மஞ்சக்காமாலை, கிட்னி, அவ்வளவுதான். அது மழைக்குத்தான் வரும்னு ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. அதனால வண்டியும் மழைக்குத்தான் போகும்.

எல்லாரும் சொல்றது ஒரு ஆதாரமா மேடம்? அதை முறையாப் பாக்கணும்னு சொன்னவன் நான். நான் மட்டும்தான். எங்க ஆளுங்க வருஷம் பூரா ஊர்கள்ல நெரப்பின பல வருஷத்துக் காய்ச்சல் படிவங்களை எடுத்து, கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லி, நானே உக்காந்து அலசினேன். ஒரு உதவியாளனைக்கூட நம்பல. ப்ரோகிராம் என்னோடது. அமெரிக்காவுல ஒரு கோடைப் பயிற்சிக்குப் போயிருந்தப்ப எழுதினது. அங்க இருந்த ஒரு புரொபசர் அதைப் பாத்துட்டு என் தோள்ல தட்டிக்குடுத்தார். அந்த ப்ரோகிராமை நான் ஏன் மாத்தணும்?

ஓட்டினேன். பாதிக்கு மேல தேதியே இல்லைன்னு வந்துச்சு. என்ஏ, என்ஏ, என்ஏன்னு பத்தி முழுக்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஊர் ஊராப் போய்ப் படிவம் நெரப்பற பொண்ணுங்க ஒரு தேதியைக்கூட ஒழுங்கா எழுதலன்னா எதுக்கு அவங்களுக்கு வேலை? கூட்டம் போட்டு எல்லாரையும் நிக்கவச்சு ஏசினேன். ஒரு பொண்ணு, "சார், நான் எழுதியிருக்கேன் சார், பாருங்க சார்"னு படிவத்தையே கொண்டாந்து நீட்டுச்சு. கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு ஆயிரம் வேலை. "எழுதினது கம்ப்யூட்டருக்குப் புரியலையே, அப்ப எழுதாத மாதிரிதானே?"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். இதுல என்ன தப்பு? தர்க்கப்படி சரிதானே?

ஆமா மேடம், நீங்க சொல்றது சரி. பன்னண்டுக்கு மேல இருக்கற நாளையெல்லாம் மாசம்னு நெனச்சுப் படிச்சா அது இல்லாத தேதின்னுதான் வரும். பதிமூணாவது மாசம் ஏது? நீங்க இப்ப ஒரு நொடியில சொல்லிட்டீங்க. உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிட்டு அப்பறம் கேக்கறேன், அதனால தெரியுது. அந்த எடத்துல உக்காந்து பாத்தாத்தான் கஷ்டம் புரியும். அதுவும் அந்தக் கட்டளை ஒரு எச்சரிக்கையாவது காட்டுச்சா? ஒரு சிவப்பு எழுத்து? ஒண்ணும் கெடையாது. கமுக்கமா முழுங்கிட்டு உக்காந்திருக்கு. இப்படி ஒரு மொழியை எழுதி வச்சவனை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. என்னைத்தான் கேட்டாங்க.

தேதி இல்லாத ஆளுங்களையெல்லாம் எடுத்துட்டு மிச்சத்தை மாசவாரியா வரைஞ்சேன். மேடம், அந்தப் படம்! ஜனவரிலேருந்து டிசம்பர் வரைக்கும் தரை மாதிரி சமமா இருந்துச்சு. மழைக்காலத்துல ஏத்தமும் இல்ல, கோடையில எறக்கமும் இல்ல. ஊர் உலகம் பூரா நம்பிக்கிட்டிருந்த ஒரு விஷயம் தப்புன்னு என் கண்ணு முன்னால நிக்குது. வீட்டுக்குப் போய் மங்கைகிட்ட சொன்னேன். மங்கையர்க்கரசி, என் சம்சாரம். அவ திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பொண்ணு. சோறு போட்டுக்கிட்டே, "எங்க ஊர்ல மழைக்குத்தாங்க அது வரும். எங்க பெரியப்பா ஐப்பசியிலதான் போனாரு"ன்னா. நான் சிரிச்சேன். "ஒரு பெரியப்பாவை வச்சு முடிவு பண்ணக் கூடாது மங்கை"ன்னேன். ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டா.

ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகையில கட்டுரை வந்துச்சு. ஹைதராபாத்துல ஒரு கருத்தரங்குல பேசினேன். கை தட்டினாங்க மேடம், எழுந்து நின்னு இல்ல, ஆனா தட்டினாங்க.

எங்க பிரிவுல ஹபீபான்னு ஒரு டாக்டர். கூத்தாநல்லூர்க்காரங்க. நல்ல படிப்பு, ஆனா எல்லாத்துலயும் ஒரு கேள்வி. ஒருநாள் என் ரூமுக்கு வந்தாங்க. "சார், கட்டுரையோட பின்னிணைப்புல நாள்வாரியா ஒரு அட்டவணை போட்டிருக்கீங்களே, அதைப் பாத்தீங்களா?"ன்னாங்க. "அதுக்கென்ன?"ன்னேன்.

"எந்த மாசத்தை எடுத்தாலும் பத்தாம் தேதி, பதினொண்ணாம் தேதி, பன்னண்டாம் தேதியிலதான் காய்ச்சல் கூட்டமா வருது. மத்த நாள்ல ஒண்ணு ரெண்டு, பன்னண்டுக்கு மேல ஒருத்தர்கூட இல்ல. காய்ச்சல் என்ன சார், பென்ஷனா, தேதி பாத்து வர்றதுக்கு?"

அவங்க சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்க. எனக்கு அந்தச் சிரிப்புதான் புடிக்கல. "மாசவாரியாப் பாக்கறதுதான் ஆய்வோட நோக்கம். நாள்வாரியா வர்ற ஏத்த எறக்கமெல்லாம் இரைச்சல். புள்ளியியல்ல அதுக்குப் பேரே அதான்"னு சொன்னேன். "இல்ல சார், பத்து, பதினொண்ணு, பன்னண்டுன்னா அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதிரி இருக்கு. அந்த டேட்டாவை எனக்கும் ஒரு தடவை குடுங்க, சேர்ந்து பாப்போம்"னாங்க. வேற யாரா இருந்தாலும் சுருக்குனுதானே இருக்கும்? நான் வருஷக்கணக்கா செய்யற வேலையை, ஊசி போடப் படிச்சவங்க வந்து சேர்ந்து பாப்போம்கறாங்க. "டேட்டா ரகசியம். விதி அப்படி"ன்னேன். விதி அப்படித்தான் மேடம், நான் ஒண்ணும் இட்டுக்கட்டல. அந்த விதியைப் போட்ட குழுவுலயும் நான் இருந்தேன்.

ஆவணி மாசம் நிர்வாகக் கூட்டம். டைரக்டர் கேட்டார், "டாக்டர் வைத்திலிங்கம், காய்ச்சல் வருஷம் பூரா சமமா வருதுன்னா, வண்டியை மழைக்காலத்துல மட்டும் டெல்டாவுல நிறுத்தி வைக்கறது வீண்தானே?" நான் எழுந்து, "ஆதாரம் அப்படித்தான் சொல்லுது"ன்னேன். ஆதாரம் சொல்லுச்சு, நான் சொல்லலை. இந்த வித்தியாசம் அப்பறம் யாருக்குமே புரியல. அந்த வருஷம் ஐப்பசியில வண்டி மலைப் பக்கம் போச்சு. டெல்டாவுக்குத் தை மாசம் வரும்னு முடிவாச்சு. ஹபீபா மட்டும் கையைத் தூக்கி எதிர்ப்புன்னு பதிவு பண்ணச் சொன்னாங்க. பதிவு பண்ணினாங்க.

மழை சும்மா வரல அந்த வருஷம். ரெண்டு புயல் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து, சம்பா வயல் பூரா இடுப்பளவு தண்ணி. மங்கையோட தம்பி திருஞானம், நாங்க ஞானம்னு கூப்பிடுவோம், அவனுக்குச் சொந்தமா நெலம் உண்டு. தண்ணியை வடிய விடறேன்னு நாள் பூரா வயல்லயே நின்னிருக்கான். காய்ச்சல் வந்துச்சு. மத்த வருஷமா இருந்தா முக்குல வண்டி நிக்கும், நடந்தே போயிருப்பான். அந்த வருஷம் நிக்கல. மெடிக்கல் ஷாப்புல காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு மறுபடியும் தண்ணியில எறங்கிட்டான். கண்ணு மஞ்சளானப்பறம்தான் அவன் பொண்டாட்டி செண்பகம் எங்களுக்குப் போன் பண்ணுச்சு.

எங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்தோம். நான் போய் நின்னதால ஒரு மரியாதை இருந்துச்சு, உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுல எடம் கெடைச்சுது. அதையும் யாரும் சொல்றதில்ல. ஹபீபா பரிசோதிச்சுட்டு வெளிய வந்து என்னைப் பாக்கல, மங்கையைத்தான் பாத்தாங்க. "முன்னாடியே ரத்தம் பாத்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. அந்த வாக்கியத்தை அவங்க முடிச்சிருக்கலாம். முடிக்காம விட்டதுதான் என் வீட்டுல புகுந்து உக்காந்துக்கிச்சு.

ஞானம் நவம்பர் பதினெட்டாம் தேதி போயிட்டான். ரெண்டும் பொண்ணு அவனுக்கு, சின்னது அப்பதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருந்துச்சு.

அவன் மட்டும் இல்ல. அந்தப் பக்கத்துலேருந்து அந்த மாசம் வந்துக்கிட்டே இருந்தாங்க. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, டேட்டாவை ஹபீபாகிட்ட குடுத்துடுங்கன்னார். அப்ப மட்டும் விதி எங்க போச்சு? குடுத்தேன். அவங்க ஒரு சாயங்காலத்துல முடிச்சுட்டாங்க. என் ப்ரோகிராம்ல மாசத்தைக் குறிக்கற எம்மும் நாளைக் குறிக்கற டியும் எடம் மாறணும், அவ்வளவுதான். மாத்தி வரைஞ்ச படத்தை என் மேஜையில கொண்டாந்து வச்சாங்க. பத்தாம் மாசம், பதினொண்ணாம் மாசம், பன்னண்டாம் மாசம் மட்டும் கோபுரம் மாதிரி நிக்குது. தேதி இல்லாம ஒரு படிவம்கூட இல்ல. அந்தப் பொண்ணுங்க எல்லாத்தையும் எழுதித்தான் இருந்திருக்காங்க.

"சார், திருத்தத்தை நீங்களே உங்க பேர்ல அனுப்புங்க. நான் இதுல வரலை"ன்னாங்க ஹபீபா. எவ்வளவு நாசூக்கா என்னைச் சிக்கவைக்கறாங்க பாருங்க. நானே அனுப்பினா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? "யோசிக்கறேன்"னு சொன்னேன். யோசிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசியில அவங்களே பத்திரிகைக்கு எழுதிட்டாங்க. கட்டுரையை வாபஸ் வாங்கிட்டாங்க மேடம். என் பேருக்கு மேல குறுக்கால சிவப்புல ஒரு வார்த்தை, இப்பவும் இணையத்துல தேடினா முதல்ல அதுதான் வருது. ரெண்டு எழுத்து எடம் மாறினதுக்கு!

மங்கை முப்பது வருஷ வாழ்க்கையில என் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஞானத்தோட கருமாதி முடிஞ்சு திருச்சிக்கு வந்தப்பறம் ஒருநாள் மத்தியானம் என் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.

"ஞானம் செத்த தேதியை அதுல போடுங்க"ன்னா.

"எதுக்கு?"

"போடுங்களேன். நீங்க அன்னைக்கு வச்சிருந்த மாதிரியே வச்சுப் போடுங்க. மாத்தாதீங்க."

பதினெட்டு, சாய்கோடு, பதினொண்ணு. தட்டினேன். என்ஏன்னு வந்துச்சு.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"பதினெட்டாவது மாசம்னு ஒண்ணு கெடையாதில்லையா, அதனால இப்படி ஒரு தேதியே இல்லைன்னு சொல்லுது."

"தேதி இல்லைன்னா அந்த ஆளை என்ன பண்ணுவீங்க?"

"எடுத்துடுவோம். முழுசா இல்லாத பதிவைக் கணக்குல வச்சா முடிவு கோணலாப் போயிடும். அதுக்குன்னு முறை இருக்கு."

நான் பொறுமையா, விளக்கமாத்தான் சொன்னேன். வேற ஒருத்தனா இருந்தா மழுப்பியிருப்பான். அவ ரொம்ப நேரம் அந்த ரெண்டு எழுத்தையே பாத்துக்கிட்டிருந்தா. அழுவான்னு நெனச்சேன். அழல. எழுந்து போய்த் துணியை மடிச்சா. அன்னைக்குச் சாயங்கால பஸ்ஸுல செண்பகத்து வீட்டுக்குப் போனவதான்.

வேலை என்ன ஆச்சுன்னு கேக்கலையே நீங்க. துரத்தல. டைரக்டர் ரொம்ப மரியாதையா, "ஹபீபா தலைமையில ஒரு குழு, அதுல நீங்களும் இருங்க"ன்னார். ஹபீபாவும் வந்து, "உங்க அனுபவம் வேணும் சார்"னாங்க. அவங்களுக்குக் கீழ நான்! எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். இப்ப ஒரு தனியார் பயிற்சி நிலையத்துல வாரக் கடைசியில வகுப்பு எடுக்கறேன். பசங்க சிலர் என் பேரை இணையத்துல தேடிட்டு வந்து பின் பெஞ்சுல உக்காந்து சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

இந்த வருஷம் ஐப்பசி பொறந்ததும் வண்டி மறுபடியும் டெல்டாவுக்கு வந்துடுச்சு. மங்கை அந்த வண்டியிலதான் இருக்கான்னு கேள்விப்பட்டேன். வர்றவங்க பேரு, ஊரு எழுதற வேலை, ஹபீபா சேத்துவிட்டிருக்காங்க. போன் பண்ணினா எடுக்கறதில்ல. சரி, மனுஷன் எறங்கிப் போவோம்னு இன்னைக்குக் காலையில போனேன். அங்கேருந்துதான் வர்றேன்.

தூறல். முக்குல வண்டி நிக்குது, பக்கத்துல தார்ப்பாய் கட்டி அதுக்குக் கீழ மேஜை. மங்கை உக்காந்து எழுதிக்கிட்டிருக்கா. கண்ணாடி போட்டிருக்கா, எப்ப போட்டான்னு எனக்குத் தெரியாது. நேரா அவகிட்ட போனேன். "சார், வரிசையில வாங்க"ன்னு நாலு பேரு சத்தம் போட்டாங்க. நான் வரிசையில நின்னேன் மேடம். இந்த வைத்திலிங்கம், அந்தச் சேத்துல, வரிசையில.

என் மொறை வந்துச்சு. நிமிந்து பாத்தா. முகத்துல ஒண்ணுமே இல்ல. கோவம் இருந்தாக்கூடப் பேசியிருப்பேன்.

"காய்ச்சல் எத்தனை நாளா?"ன்னா.

"மங்கை, நான்தான்."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

என்ன பேசறதுன்னு வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். ஞானத்தைப் பத்தி, அவன் பொண்ணுங்களைப் பத்தி. அதுக்குள்ள கண்ணு அவ எழுதற தாளுக்குப் போச்சு. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல தேதி எழுதியிருக்கா, மாசத்தை எண்ணுல போடாம எழுத்துல. நவம்பர், நவம்பர், நவம்பர்னு தமிழ்ல, உருண்டை உருண்டையா. அவளா கண்டுபிடிச்ச முறையாம், ஹபீபாவும் விட்டிருக்காங்க. எனக்குப் பொறுக்கல. நல்லதுக்குத்தானே சொன்னேன்?

"மங்கை, இப்படி எழுதக் கூடாது. தமிழ்ல மாசத்தை எழுதினா ப்ரோகிராம் படிக்காது. முதல்ல வருஷம், அப்பறம் மாசம், அப்பறம் நாள். அதுதான் சர்வதேச முறை. குடு, நான் காட்டறேன்."

பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினேன். எனக்குப் பின்னால ஒரு ஆளு நின்னுக்கிட்டிருந்தான், தலையில ஈரச் சாக்கு, பல்லு கிட்டிக்கற மாதிரி நடுக்கம். மங்கை என் தோளைத் தாண்டி அவனைப் பாத்தா.

"நீங்க வாங்கண்ணே"ன்னா. "உக்காருங்க. காய்ச்சல் எத்தனை நாளா?"

நான் நகந்து நின்னேன். அவன் பேரைச் சொன்னான், ஊரைச் சொன்னான். அவ எழுதினா. நவம்பர்னுதான் எழுதினா மேடம், மறுபடியும், எழுத்துல. நான் அவ்வளவு சொல்லியும்.